இரண்டு குழாய், பதினைந்து பிள்ளைகள்

சிங்கப்பூர்ப் பாலர் பள்ளிகளில் 24 ஆண்டுகள் தமிழ் சொல்லிக்கொடுத்துவிட்டு, இப்போது புதிய ஆசிரியர்களுக்குத் துணையாக வகுப்புகளுக்குப் போய்வருகிறேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே சங்கதியைத்தான் சுற்றுகின்றன: ஒரு வேலை முடிந்து அடுத்த வேலை தொடங்குவதற்குள் பிள்ளைகள் படுத்தும் பாடு. அதனால் அவற்றையே இந்த முறை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: டீச்சர், செங்காங்கில் ஒரு பாலர் பள்ளியில் தமிழாசிரியையாகச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. தாய்மொழிப் பாட நேரத்தில் மூன்று கே1 (கிண்டர்கார்டன் முதலாம் ஆண்டு) வகுப்புகளிலிருந்து 15 பிள்ளைகள் என்னிடம் வர வேண்டும். 40 நிமிடப் பாடத்தில் அவர்களைக் கூட்டி வந்து உட்கார வைப்பதற்குள் 12 நிமிடம் போய்விடுகிறது. ஒருவன் கட்டைகளை விட்டு நகர மாட்டேன் என்கிறான். ஒருத்தி தினமும் "ஐ டோன்ட் வான்ட் தமிழ்" என்று அழுகிறாள். பக்கத்து அறையில் சீனமொழி ஆசிரியரான லாவ்ஷியின் வகுப்பு அமைதியாக நடக்கிறது. எனக்குத்தான் பிள்ளைகளைச் சமாளிக்கத் தெரியவில்லையா?

பதில்: முதலில் அந்த லாவ்ஷி விஷயத்தை முடித்துவிடுவோம். நான் பார்த்த பெரும்பாலான பாலர் நிலையங்களில் சீனமொழிப் பாடம் பிள்ளைகள் ஏற்கெனவே இருக்கும் அறையிலேயே நடக்கும். நம் பிள்ளைகளும், மலாய் சொல்லித்தரும் சிக்குவிடம் போகும் பிள்ளைகளும்தான் எழுந்து, கையில் இருப்பதை வைத்துவிட்டு, கூட்டாளிகளை விட்டுவிட்டு, இன்னோர் அறைக்கு நடக்க வேண்டும். அவருக்கு இல்லாத ஒரு வேலை உங்களுக்கு இருக்கிறது, அவ்வளவுதான். கட்டை அடுக்கும் பையனும் தமிழ் வேண்டாம் என்று சொல்லவில்லை. பாதி கட்டிய எம்ஆர்டி ரயில் நிலையத்தை விட்டுவிட்டு வரச் சொன்னால் யாருக்குத்தான் மனசு வரும்?

இப்போது என் கதை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், வீவக (அரசு அடுக்குமாடி வீடுகள்) புளோக் ஒன்றின் கீழ்த்தளத்தில் இருந்த ஒரு நிலையத்தில் வேலை பார்த்தேன். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் 15 பிள்ளைகளையும் வரிசையில் நிற்க வைத்துக் கை கழுவ அனுப்புவேன். கழுவுமிடத்தில் இரண்டே குழாய். ஒரு பிள்ளை சட்டைக் கையை மேலே ஏற்றி, சோப்பு எடுத்து, தேய்த்து, அலசி, துடைத்து நகர 40 விநாடியாவது ஆகும். இரண்டு இரண்டு பேராகப் போனால் ஏழு தடவை முடிந்த பிறகுதான் கடைசிப் பிள்ளைக்கு முறை வரும். கிட்டத்தட்ட ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடமும் அந்தக் கைகளுக்கு என்ன வேலை? முன்னால் நிற்பவளின் சடைதான். இல்லையென்றால் சுவரில் ஒட்டியிருக்கும் படத்தின் ஓரத்தைக் கிள்ளிக் கிள்ளிப் பிய்ப்பது. ஒரு நாள் கடைசியில் நின்றவன், முன்னால் நின்றவனின் காதைக் கடித்துவிட்டான். பல் பதிந்து சிவந்திருந்தது. மாலையில் அந்தப் பிள்ளையின் அம்மாவிடம், "கடிச்ச பையன் கொஞ்சம் முரடுங்க" என்று சொன்னேன். இன்றைக்கு நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. பசி நேரத்தில் ஐந்து நிமிடம் சும்மா நிற்க வைத்தது நான். பழி அவன் மேல்.

அந்த வாரமே வரிசையை எடுத்துவிட்டேன். எல்லோரும் பாயில் உட்கார்ந்து கதை கேட்பார்கள். நான்கு நான்கு பேராக எழுந்து போவார்கள். துணை ஆசிரியை குழாயடியில் நிற்பார். யார் எழுவது? "காலையில தோசை சாப்பிட்டவங்க போகலாம்." "பேர்ல 'க' இருக்கிறவங்க போகலாம்." "நேத்து பாட்டி வீட்டுக்குப் போனவங்க போகலாம்." தோசை என்றால் ஆறு பேர் எழுவார்கள். அதில் இரண்டு பேர் ரொட்டிதான் தின்றிருப்பார்கள். பரவாயில்லை, அந்தப் பொய்யைச் சொல்வதற்கும் தமிழ் புரிந்திருக்க வேண்டுமே!

உங்கள் 12 நிமிடத்துக்கு வருவோம். ஒரு நாள் ஒரு தாளை வைத்துக்கொண்டு, அந்த நேரத்தில் எந்தப் பிள்ளை என்ன செய்தது என்று குறித்துப் பாருங்கள். வருவதற்கு ஆன நேரம் குறைவாகத்தான் இருக்கும். வந்தவர்கள் வராதவர்களுக்காகக் காத்திருந்த நேரம்தான் அதிகம் இருக்கும். சும்மா உட்கார்ந்து சலித்துப்போன பிள்ளைகளை வைத்துக்கொண்டு பாடத்தைத் தொடங்கினால் தொண்டைதான் கட்டும்.

ஆகவே முதல் பிள்ளை வந்ததுமே பாடம் தொடங்கட்டும். பாயில் ஏதாவது தயாராக இருக்கட்டும். நான் ஒரு பல்லாங்குழிப் பலகையும் ஒரு டப்பா புளியங்கொட்டையும் வைத்திருப்பேன். முதலில் வருபவர் குழிக்கு ஐந்தாகப் போட ஆரம்பிப்பார், அடுத்து வருபவர் எண்ணிச் சரிபார்ப்பார். கடைசி ஆள் வரும்போது குழிகள் நிரம்பியிருக்கும். (கே1, கே2க்கு மட்டும்தான் இது. சின்ன வகுப்புகளில் கொட்டை மூக்குக்குள் போய்விடும். அதற்குத் துணித்துண்டுகள் போதும்.)

கட்டைக்காரப் பையனுக்கு வேறு மருந்து. மணி அடித்த பிறகு வாசலில் நின்று கூப்பிடாதீர்கள். ஐந்து நிமிடம் முன்பே அவன் வகுப்புக்குப் போய்த் தரையில் உட்காருங்கள். "இது எந்த ஸ்டேஷன்? ரயில் எந்தப் பக்கம் வரும்?" என்று கேளுங்கள். அப்புறம், "இன்னும் ரெண்டு கட்டை வைக்கலாம், எந்த ரெண்டு?" என்று கேளுங்கள். ஐந்து நிமிடம் என்றால் எவ்வளவு என்று அவனுக்குத் தெரியாது. இரண்டு கட்டை எவ்வளவு என்று தெரியும். கடைசியாக, "வேலை நடக்கிறது" என்று எழுதிய ஓர் அட்டையை அவன் கையாலேயே அந்தக் கட்டடத்தின் மேல் சாய்த்து வைக்கச் சொல்லுங்கள். திரும்பி வரும்போது அது அப்படியே இருக்க வேண்டும். அதற்கு அந்த வகுப்பு ஆசிரியையிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். ஒரே ஒரு நாள் அதைக் கலைத்துவிட்டால் போச்சு, அப்புறம் ஒரு மாதத்துக்கு உங்கள் அட்டையை அவன் மதிக்க மாட்டான்.

அழும் பிள்ளைக்கு ஒரு வேலை கொடுங்கள். என்னிடம் ஒரு சின்னச் சலங்கை இருந்தது, கேம்பல் லேனில் வாங்கியது, ஐந்தாறு மணிதான். கத்திக் கூப்பிடுவதற்குப் பதிலாக அதை இரண்டு தடவை குலுக்குவேன். பக்கத்து அறையில் கைக்குழந்தைகள் தூங்கினாலும் எழ மாட்டார்கள், ஆனால் என் பிள்ளைகளுக்குக் கேட்கும். உங்கள் பிள்ளையைப் போலவே அழுதுகொண்டிருந்த ஒரு பெண்ணிடம் அதைக் கொடுத்தேன். "நீதான் இனிமே எல்லாரையும் கூப்பிடணும்" என்றேன். முதல் நாள் அழுதுகொண்டே குலுக்கினாள். மூன்றாம் வாரம், நான் அங்கே போவதற்கு முன்பே வாசலில் நின்றுகொண்டு, "டீச்சர், லேட்டு!" என்றாள்.

உங்களிடம் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான். அந்த 12 நிமிடத்தைப் பாடத்திலிருந்து திருட்டுப் போன நேரம் என்று நினைக்கிறீர்கள். எனக்கு அதுதான் நாளின் நல்ல தமிழ்ப் பாடம். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், இங்குள்ள இந்தியர்களில் பத்தில் ஆறு பேர் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம் என்றார்கள். தமிழ் என்று சொன்னவர்கள் பத்தில் மூன்று பேருக்கும் குறைவு. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு, படம் ஒட்டிய அட்டையைக் காட்டி "இது யானை, இது குதிரை" என்று சொல்லித்தரலாம். வீட்டுக்குப் போய் யானையை வைத்து என்ன பேசும்? "செருப்பை ஜோடியா வை", "கொஞ்சம் தள்ளி உட்காரு", "போத்தலை மூடு", "எனக்கும் கொடு", "அவன் இடிச்சிட்டான்", "மெதுவா" — வீட்டுக்குப் போகும் தமிழ் இது. இவை எல்லாம் அறை மாறும்போதும் கை கழுவும்போதும்தான் வாயில் வரும், அதுவும் தினமும் அதே இடத்தில் அதே சொல்லாக. அர்த்தம் சொல்லவே தேவையில்லை. செருப்பு கண் முன்னால் கிடக்கிறது.

அதனால் நடைபாதையில் ஆங்கிலத்தில் "கம், கம், குயிக்" என்று அவர்களை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டு, கதவுக்குள் நுழைந்ததும் தமிழுக்கு மாறாதீர்கள். சலங்கை குலுங்கியதிலிருந்தே தமிழ். ஒரு தாயார் என்னிடம் சொன்னார்: வீட்டில் ஒரு வார்த்தை தமிழ் பேசாத மகன், தவழ்கிற தங்கச்சியைப் பார்த்து "செருப்பை ஜோடியா வை!" என்று அதட்டினானாம். அந்தக் குழந்தைக்குச் செருப்பே கிடையாது.

பாராட்டு ஒட்டுவில்லை பற்றிக் கடிதத்தின் கடைசியில் கேட்டிருந்தீர்கள். சீக்கிரம் வருகிறவர்களுக்கு நட்சத்திரம் ஒட்டுவதை நானும் செய்து பார்த்தேன். இரண்டு வாரம் ஓடும். அப்புறம் நட்சத்திரத்துக்காகச் சண்டை வரும், நீங்கள் நடுவராக உட்கார வேண்டியதுதான்.

கேள்வி: தெம்பனிசிலிருந்து ஒரு தாய். மகளுக்கு மூன்று வயது, என்1 (நர்சரி 1) வகுப்பு. காலை ஏழேகாலுக்கு விட்டுவிட்டு வேலைக்குப் போகிறேன். இரண்டு மாதமாகியும் வாசலில் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். அவள் பார்க்காத நேரத்தில் நைசாக நழுவிவிடலாம் என்கிறார் கணவர். செய்யலாமா?

பதில்: வேண்டாம். நழுவினால் அன்று காலை வாசல் அமைதியாக இருக்கும். அதற்கான வட்டியை மாலையில் கட்டுவீர்கள். வீட்டில் குளியலறைக்குப் போனால்கூட முந்தானையை விடமாட்டாள், ஏனென்றால் அம்மா எப்போது வேண்டுமானாலும் காணாமல் போகக்கூடியவள் என்று அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

நம் மொழியில் வீட்டிலிருந்து கிளம்பும்போது "போறேன்" என்று யாரும் சொல்வதில்லை. சொன்னால் பாட்டிமார் திட்டுவார்கள். "போயிட்டு வரேன்" என்றுதான் சொல்ல வேண்டும். மூன்று வயதுப் பிள்ளைக்குத் தேவையான முழுச் செய்தியும் அந்த "வரேன்"இல் இருக்கிறது. அதைச் சொல்லுங்கள், அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

எப்போது வருவேன் என்பதை மணிக்கணக்கில் சொல்லாதீர்கள். அவள் நாளில் நடக்கும் காரியங்களால் சொல்லுங்கள்: "சாப்பிடுவே, குளிப்பே, தூங்குவே, டீ டைம்ல பிஸ்கட் தருவாங்க, அப்புறம் ப்ளேகிரவுண்ட், அப்புறம் அம்மா." ஆறரைக்குத்தான் வர முடியும் என்றால், "இருட்டறதுக்கு முன்னாடி வந்துடுவேன்" என்று தைரியமாகச் சொல்லலாம். இந்த ஊரில் வருஷம் முழுக்க ஏழு மணி வாக்கில்தானே பொழுது சாய்கிறது! ஆனால் இதே கணக்கு காலையில் நமக்கு எதிராக வேலை செய்கிறது. இங்கே விடிவதும் ஏறக்குறைய ஏழு மணிக்குத்தான். நீங்கள் புளோக்கின் கீழே இறங்கும்போது இன்னும் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். பிள்ளைக்கு அது ராத்திரி. ராத்திரியில் அம்மாவை விட்டுப் போவதாக அவள் நினைத்தால் தப்பில்லை. முடிந்தால் மின்தூக்கியை விட்டு இறங்கியதும் இரண்டு நிமிடம் நின்று, வானம் வெளுப்பதைக் காட்டிவிட்டு நடங்கள்.

வாசலில் செய்வதைத் தினமும் ஒரே ஒழுங்கில் செய்யுங்கள். காலணியை அவளே தட்டில் வைக்கட்டும். காய்ச்சல் பார்க்கும்போது அவளே நெற்றியைக் காட்டட்டும். ஆசிரியை கையையும் வாயையும் பார்ப்பார். அப்புறம் மூக்கோடு மூக்கு உரசிவிட்டு, "போயிட்டு வரேன்." பிறகு திரும்பி வராதீர்கள். கண்ணாடிக் கதவு வழியாக எட்டிப் பார்க்காதீர்கள் — எனக்குத் தெரியும், பார்ப்பீர்கள். அவள் உங்களைப் பார்த்துவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இன்னொன்று. பாலர் பள்ளிகளை மேற்பார்க்கும் அரசு அமைப்பான ஈசிடிஏவின் விதிப்படி அவள் வயது வகுப்பில் ஓர் ஆசிரியருக்கு 12 பிள்ளைகள் வரை இருக்கலாம். அதில் ஏழெட்டுப் பேர் ஒரே பத்து நிமிடத்தில் வந்து சேர்ந்தால், உங்கள் மகளை வாங்கிக்கொள்ள ஆசிரியருக்குக் கை இருக்காது. கூட்டம் எப்போது கூடுகிறது என்று கேட்டுக்கொண்டு, அதற்குக் கொஞ்சம் முன்னால் போய்ப் பாருங்கள்.

நீங்கள் போன பிறகு எவ்வளவு நேரம் அழுகிறாள் என்றும் கேளுங்கள். ஐந்து நிமிடத்தில் விளையாடப் போய்விட்டால் அந்த அழுகை உங்களுக்காக அழுவது, வகுப்புக்காக அல்ல. மத்தியானம் வரை சாப்பிடாமல் ஒடுங்கி உட்கார்ந்திருந்தால் மட்டும் நிலையத் தலைவரிடம் நேரம் கேட்டு உட்கார்ந்து பேசுங்கள். திங்கட்கிழமையும், நீண்ட விடுமுறைக்கு மறுநாளும் கூடுதலாக அழுவாள். கை, கால், வாய்ப்புண் நோய் வந்து ஒரு வாரம் வீட்டில் இருந்தால் முதல் வாரத்துக்கே திரும்பிப் போவாள். அதற்கெல்லாம் பயப்பட வேண்டாம்.

கேள்வி: நான் யீஷூனில் இருக்கும் தாத்தா. பேரன் கல்வி அமைச்சின் பாலர் பள்ளியில் கே1. நாலு மணி நேர வகுப்பு முடிந்து மதியம் என்னிடம் வந்துவிடுவான். சாப்பிடும்போது ஐபேட் பார்க்கிறான். "நிறுத்துவதற்கு இரண்டு நிமிடம் முன்னால் சொல்லிவிடுங்கள் அப்பா, அழ மாட்டான்" என்று மகள் சொன்னாள். சொன்னால்தான் அதிகமாக அழுகிறான். நான் சொல்லும் விதம் சரியில்லையா?

பதில்: ஐயா, நீங்கள் சொல்லும் விதத்தில் குறையே இல்லை. 2016இல் அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சின்னப் பிள்ளைகள் இருக்கும் குடும்பங்களிடம் இதையேதான் விசாரித்தார்கள். இரண்டு நிமிடம் முன்னால் எச்சரித்த வீடுகளில் பிள்ளைகள் கூடுதலாக முரண்டு பிடித்தார்கள் என்று தெரியவந்தது. உங்கள் மகளுக்கு இதைக் காட்டுங்கள். அடுத்த படம் தானாக ஓடாமல் முடிந்த இடத்தில் நின்றாலோ, தினமும் அதே நேரத்தில் நிறுத்துவது வழக்கமாக இருந்தாலோ தகராறு குறைவு.

கட்டை அடுக்கும் பையனிடம் முன்கூட்டியே பேசச் சொன்னேனே, இங்கே மட்டும் ஏன் மாற்றிச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். அவனிடம் போய் உட்கார்ந்து அவன் வேலைக்குள் நாம் நுழைகிறோம். "எந்த இரண்டு கட்டை" என்று அவனே முடிவு செய்கிறான். உங்கள் பேரனிடம் வெறும் நேரம்தான் சொல்லப்படுகிறது, அவன் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. இது என் ஊகம்தான்.

தானாக அடுத்த படம் ஓடும் வசதியை அணைத்துவிடச் சொல்லுங்கள், மகள் அரை நிமிடத்தில் செய்துவிடுவார். ஒரு படம் முடிந்தால் கதை முடிந்தது. ஐபேட்டை நீங்கள் பிடுங்க வேண்டாம், அவனே மூடி அலமாரியில் வைக்கட்டும். அப்புறம் உடனே ஒன்று இருக்க வேண்டும், வெறும் இடைவெளி கூடாது. உங்களோடு கீழே போய்த் தபால் பெட்டியைத் திறப்பது போதும். சாவியை அவன் கையில் கொடுங்கள்.

ஒரு நாளைக்கு எவ்வளவு பார்க்கலாம் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவைக்கிறேன். சுகாதார அமைச்சு 2025இல் வெளியிட்ட அறிவுரைப்படி, 18 மாதம் முதல் 6 வயது வரை, பள்ளி நேரம் போக, ஒரு மணி நேரத்துக்குக் குறைவாகத்தான் இருக்க வேண்டும். சாப்பிடும்போது திரையை ஓடவிட வேண்டாம் என்றும் அதில் இருக்கிறது. அதை மட்டும் மகளிடம் மெல்லச் சொல்லுங்கள்.

கேள்வி: ஜூரோங் வெஸ்ட்டில் பாலர் ஆசிரியை. வெளியே விளையாடப் போகும் நேரம் பார்த்து மழை வந்துவிடும், அல்லது இடி எச்சரிக்கை வரும். "இன்னைக்கு முடியாது" என்றதும் வகுப்பே கலவரம். என்ன செய்வது?

பதில்: இந்த ஊரில் மழை வராது என்று நம்பி அட்டவணை போட முடியாது. சுவரில் அன்றைய நாளைப் படங்களாக ஒட்டுங்கள். கடையில் விற்கும் கார்ட்டூன் படங்கள் வேண்டாம். உங்கள் குழாய், உங்கள் பாய், உங்கள் விளையாட்டு இடம் ஆகியவற்றைப் போட்டோ எடுத்து ஒட்டுங்கள். மூன்று வயதுப் பிள்ளை கார்ட்டூன் குழாயைப் பார்த்துத் தன் குழாயை நினைத்துக்கொள்ளும் என்று எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம். மழைக்கென்று ஒரு குடைப் படம் எப்போதும் தயாராக இருக்கட்டும். மழை வந்தால் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, விளையாட்டு இடத்தின் படத்தைக் கழற்றச் செய்து, அந்த இடத்தில் குடையை ஒட்டச் சொல்லுங்கள். கழற்றிய படத்தைக் குப்பை மாதிரி மேசையில் போடாமல், நாளைய வரிசையில் முதலாவதாக அந்தப் பிள்ளையே ஒட்டட்டும். கலவரம் ஒரே நாளில் அடங்கிவிடாது. பத்துப் பதினைந்து மழை தேவைப்படும், நவம்பர் டிசம்பரில் அதற்குப் பஞ்சமில்லை. புகைமூட்டம் வந்தாலும் இதே ஏற்பாடுதான், குடைக்குப் பதில் வேறு படம்.

கேள்வி: மகனுக்கு ஐந்தரை வயது. பராமரிப்பு நிலையத்தில் மத்தியானம் இரண்டு மணி நேரம் படுக்க வைக்கிறார்கள். தூக்கம் வராமல் புரளுகிறான், பேசினால் அதட்டுகிறார்கள். ராத்திரி பதினொன்று வரை விழித்திருக்கிறான்.

பதில்: மூன்று முதல் ஐந்து வயதில் ராத்திரியும் மத்தியானமும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் போதும். ஐந்து வயதில் பல பிள்ளைகளுக்கு மத்தியானத் தூக்கம் தானாக நின்றுவிடுகிறது. ஆசிரியையைக் குறைசொல்வது போல இல்லாமல், "அரை மணி நேரம் படுத்துப் பார்க்கட்டும், வரவில்லை என்றால் பாயிலேயே ஒரு புத்தகம் கொடுக்க முடியுமா?" என்று கேளுங்கள். பல நிலையங்களில் ஒத்துக்கொள்வார்கள். அதே சமயம் காலையில் எத்தனை மணிக்கு எழுப்புகிறீர்கள் என்றும் பாருங்கள். பதினொன்றுக்குத் தூங்கி ஆறுக்கு எழுந்தால் ராத்திரித் தூக்கம் ஏழு மணி நேரம்தான். அவன் கண்ணைப் பார்த்தாலே தெரியும்.

கேள்வி: அடுத்த ஜனவரியில் மகள் தொடக்கநிலை 1. எழுதவும் படிக்கவும் தெரியும், கூட்டல் கழித்தலும் தெரியும். டியூஷனில் சேர்க்கலாமா அல்லது வீட்டிலேயே பயிற்சி போதுமா? — புக்கிட் பாஞ்சாங் வாசகி

பதில்: டியூஷனை விடுங்கள். அவளுக்குச் சாப்பாடு வாங்கத் தெரியுமா?

கேலி இல்லை. ஜனவரி மாதத்தில் அழும் பிள்ளைகளில் பாதிப் பேரை நான் பார்த்தது பள்ளி உணவகத்தில்தான். பாலர் பள்ளியில் தட்டில் சோறு வரும், துணை ஆசிரியை பக்கத்தில் இருப்பார், மெதுவாகச் சாப்பிடலாம். தொடக்கப்பள்ளியில் இடைவேளை அரை மணி நேரம். அதற்குள் வகுப்பிலிருந்து நடந்து வர வேண்டும், எந்தக் கடை என்று முடிவு செய்ய வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும், காசைக் கொடுத்துச் சில்லறை வாங்க வேண்டும், சூடான கிண்ணத்தைச் சிந்தாமல் தூக்கிக்கொண்டு போக வேண்டும், உட்கார இடம் தேட வேண்டும், சாப்பிட வேண்டும், தட்டைத் திருப்பி வைக்க வேண்டும், கழிவறைக்குப் போக வேண்டும். ஒரு வகுப்பில் ஏறக்குறைய 30 பிள்ளைகள், அத்தனை பேருக்கும் அதே அரை மணி. கழிவறையை மறந்துவிட்டு வகுப்புக்கு வந்து பத்தாவது நிமிடத்தில் நெளிகிற பிள்ளைக்கு எவ்வளவு கூட்டல் தெரிந்து என்ன பயன்?

இப்போதிலிருந்தே சனிக்கிழமைதோறும் அவளை வீட்டுக்கு அருகில் இருக்கும் உணவங்காடிக்கோ காப்பிக்கடைக்கோ கூட்டிப்போங்கள். இரண்டு வெள்ளியும் சில காசுகளும் அவள் கையில் கொடுங்கள். நீங்கள் நான்கு மேசை தள்ளி உட்காருங்கள். ஆப்பமோ, ரொட்டி பரோட்டாவோ, எதுவானாலும் அவளே கேட்கட்டும். முதல் வாரம் கடைக்காரருக்குக் கேட்காத குரலில் கேட்பாள், பின்னால் வந்தவர் முந்திக்கொள்வார், கண்ணில் தண்ணீர் முட்டும். எழுந்து போகாதீர்கள். இரண்டாம் வாரம் கொஞ்சம் சத்தமாகக் கேட்பாள். சில்லறையை எண்ண மறப்பாள். கடைக்காரரும் பழகியதும், "என்ன பாப்பா, இன்னைக்கும் ஆப்பமா?" என்பார்.

மூன்றாம் மாதம் கைக்கடிகாரத்தில் அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள். கழிவறையும் அதற்குள். தட்டைத் திருப்பி வைக்கும் இடம் அவள் உயரத்துக்கு எட்டுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், சில இடங்களில் மேல் தட்டுதான் காலியாக இருக்கும்.